ஏரியில் ஓடிய விமானந்தாங்கிக் கப்பல்கள்

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை, சிகாகோ பக்கத்து மிச்சிகன் ஏரியில் பழைய துடுப்புச்சக்கரக் கப்பலை வைத்து விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்ததாமே, உண்மையா? அது எந்த ஸ்குவாட்ரன், அதாவது எந்த விமானப் படைப்பிரிவு? கடலில் போர் செய்யப்போகிறவனுக்கு ஏரியில் பழகி என்ன பயன்? முதல் இரண்டுக்கும் நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். அவர் மனதில் உறுத்துவது மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். குளத்தில் நீந்தியவனைக் கடலில் இறக்கிவிட்டால் தேறுவானா என்பது நியாயமான சந்தேகம். எனவே அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் விமானி அல்ல. இந்தியக் கடற்படையின் விமானப் பிரிவில் பதினைந்து வருடம் மெக்கானிக்காக இருந்தவன். அதில் சில வருடங்கள் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில், அலிஸே விமானங்களோடு கழிந்தன. காக்பிட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கடைசி இருபது நொடி எப்படி இருக்கும் என்பதை அவன்தான் சொல்லவேண்டும். விமானத்தின் வாலில் இருக்கும் கொக்கி, அதில் மாட்டி விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய வயர், தளம், காற்று இவையெல்லாம் என் பக்கத்துச் சமாச்சாரம். சிகாகோ கதையில் எனக்குப் பிடிப்பு வந்ததும் அந்த வழியாகத்தான்.

உண்மையா என்றால், முழுக்க உண்மை. அதிலும் ஒரு கப்பல் அல்ல, இரண்டு. முதலாவது 1912-ல் நீரில் இறக்கப்பட்ட 'சீ அண்ட் பீ'. கிளீவ்லாண்டுக்கும் பஃபலோவுக்கும் இடையில் பயணிகளை ஏற்றிப்போன கம்பெனியின் கப்பல், அந்த இரண்டு ஊர்களின் ஆங்கில முதலெழுத்துதான் (C, B) பெயர். நான்கு புகைபோக்கி, இரண்டு பக்கமும் ராட்சதத் துடுப்புச் சக்கரம், நிலக்கரிக் கொதிகலன். 1942 மார்ச்சில் கடற்படை இதை வாங்கியது. மே மாதம் பஃபலோவில் வேலை தொடங்கி, அறைகளும் மேல் அடுக்குகளும் இருந்த இடத்தைச் சுத்தமாக வழித்தெடுத்து, மேலே 550 அடி நீளத்துக்கு மரத்தளம் போட்டு, புகைபோக்கிகளை வலப்பக்கம் ஒதுக்கி, ஆகஸ்ட் 12-ல் 'வுல்வரின்' என்ற பெயரில் பணியில் சேர்த்துவிட்டார்கள். மூன்றே மாதம். இரண்டாவது 1924-ல் கட்டிய 'கிரேட்டர் பஃபலோ'. அது 1943 மே 8-ல் 'சேபிள்' ஆனது. இதற்கு எஃகுத் தளம். இரண்டும் நின்றது சிகாகோவின் நேவி பியரில். இன்று ராட்டினம் சுற்றும், ஐஸ்கிரீம் விற்கும் அதே நேவி பியர்தான். துப்பாக்கி கிடையாது, கவசம் கிடையாது, விமானத்தைக் கீழே இறக்கி வைக்கக் கொட்டகை கிடையாது, லிஃப்ட் கிடையாது. அந்தப் பகுதி சோளம் விளையும் பூமி என்பதால் இவற்றுக்கு 'சோளக்காட்டுக் கடற்படை' என்று கிண்டல் பெயரும் உண்டு.

ஏன் ஏரி? போரில் இறங்கியபோது அமெரிக்காவிடம் இருந்த பெரிய விமானந்தாங்கிகள் ஏழு. இரண்டு சமுத்திரத்துக்கும் சேர்த்து ஏழு. 1942 மே முதல் அக்டோபர் வரையான ஆறே மாதத்தில் லெக்சிங்டன், யார்க்டவுன், வாஸ்ப், ஹார்னெட் என நான்கு மூழ்கின. மீதியில் ஒன்றை 'புதுப் பையன்கள் ஏறி இறங்கிப் பழகட்டும்' என்று ஒதுக்கி நிறுத்தும் நிலைமை இல்லை. கிழக்குக் கடற்கரையிலோ அந்த வருடம் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கரைக்கு அருகிலேயே சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. பயிற்சிக்கப்பல் என்பது காற்றை எதிர்த்து ஒரே திசையில் நேராக, மணிக்கணக்கில் ஓடவேண்டிய வண்டி. நீர்மூழ்கிக்கு இதைவிடச் சுலபமான குறி இருக்காது. மிச்சிகன் ஏரியில் அந்தக் கவலை இல்லை. கரையில் கிரேட் லேக்ஸ் கடற்படைத்தளம், கொஞ்சம் உள்ளே தள்ளி கிளென்வியூ விமானத்தளம். இந்த யோசனையை முன்வைத்தவர் கிரேட் லேக்ஸ் தளத்தில் இருந்த கமாண்டர் ரிச்சர்ட் ஒயிட்ஹெட். பேர்ல் ஹார்பருக்குப் பிறகுதான் அதற்கு வேகம் பிடித்தது.

அடுத்து, எந்த ஸ்குவாட்ரன்? இதில்தான் பலர் தேடிக் களைத்துப்போகிறார்கள். அந்தப் பிரிவுக்கு ஸ்குவாட்ரன் எண்ணே கிடையாது. 'கேரியர் குவாலிஃபிகேஷன் டிரெய்னிங் யூனிட்' என்பதுதான் பெயர், இருப்பிடம் கிளென்வியூ. விமானிகள் பென்சகோலா, கார்ப்பஸ் கிறிஸ்டி போன்ற பயிற்சித்தளங்களில் விமானிக்கான 'இறக்கை' பேட்ஜ் வாங்கி, தாங்கள் போரில் ஓட்டப்போகும் விமானத்தைப் பழகி, பிறகு சில நாட்களுக்கு மட்டும் இங்கே வருவார்கள். தகுதி பெற்றால் கிளம்பிவிடுவார்கள், அதன் பிறகுதான் ஒரு ஸ்குவாட்ரனின் பெயர் அவர்களோடு ஒட்டும். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 1943 ஆகஸ்டில் சேபிளில் இறங்கித்தான் தகுதி பெற்றார், அப்போது வயது 19. ஆனால் அவரைப் பற்றிப் படித்தால் 51-ஆம் டார்பிடோ ஸ்குவாட்ரன், சான் ஹசின்டோ கப்பல் என்றுதான் வரும், ஏரி ஒரு வரியில் போய்விடும். பிரிட்டிஷ்காரர்கள் இதில் வேறு மாதிரி. அவர்களிடம் பயிற்சிக்கென்றே எண் போட்ட ஸ்குவாட்ரன்கள் இருந்தன. 1941-ல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத்தில் உருவான 768, தளத்தில் இறங்கப் பழக்குவதற்கென்றே ஏற்பட்டது, அதற்குக் கிடைத்த கப்பல் கிழட்டு ஆர்கஸ். கேள்வி கேட்டவர் 'ஸ்குவாட்ரன்' என்று மனதில் வைத்திருந்தது ஒருவேளை அதுவாகவும் இருக்கலாம்.

பிரிட்டிஷ்காரர்கள் என்றதும் நம்மூர்க்காரர்களுக்காக ஒரு சின்னத் திசைதிருப்பல். அதே போர்க்காலத்தில் அவர்களுடைய கடற்படை விமானத்தளங்கள் கோயம்புத்தூரிலும் சூலூரிலும் தாம்பரத்திலும் இருந்தன. கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். கோயம்புத்தூருக்கு கருடா, சூலூருக்கு வைரி, தாம்பரத்துக்கு வல்லூறு. மூன்றும் பறவை. வெள்ளைக்கார மாலுமிகள் 'ஹெச்எம்எஸ் வல்லூறு' என்று சொல்லிப் பார்த்திருப்பதைக் கேட்க எனக்கு ரொம்ப ஆசை. அந்தப் பெயர்ராசி இன்னும் விடவில்லை, நம் கடற்படையின் கொச்சித் தளம் கருடா, அரக்கோணம் ராஜாளி.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஏரியில் பழகி என்ன பயன்?

கப்பலில் இறங்குவது என்றால் உண்மையில் என்ன என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அந்தக் காலத்து வைல்ட்கேட் போன்ற விமானம் ஏறக்குறைய 75, 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் இறங்க வரும். கப்பல் 18 நாட் வேகத்தில் காற்றை எதிர்த்து ஓடுகிறது, இயற்கைக் காற்று ஒரு 12 நாட் என்று வைத்துக்கொண்டால், தளத்தின்மேல் வீசும் காற்று 30 நாட். விமானத்துக்கும் தளத்துக்கும் இடையே மிச்சமிருக்கும் வேக வித்தியாசம் 50-க்குள் வந்துவிடும். அந்த 50-ஐத்தான் வயர் தாங்கிப் பிடிக்கவேண்டும். பெரிய போர்க்கப்பல்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, அவை தாமாகவே 33 நாட் ஓடும். வுல்வரினும் சேபிளும் துடுப்புச் சக்கரத்தை எவ்வளவு மிரட்டினாலும் 18-தான். காற்று செத்த நாளில் வேலை நின்றுவிடும். ஹெல்கேட், கோர்செர், அவெஞ்சர் மாதிரி கனமான விமானங்கள் வரத் தொடங்கியதும் பிரச்சினை கூடியது. காற்றே வராத நாட்களில் எஸ்என்ஜே என்ற லேசான பயிற்சி விமானத்தில் இறக்கிக் கணக்கை முடித்ததும் உண்டு. தளமோ தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 26 அடி உயரம்தான், பெரிய கப்பல்களில் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். கிளம்பும்போது முன்முனையைத் தாண்டியதும் விமானம் கொஞ்சம் அமுங்கும். இங்கே அமுங்க இடமே இல்லை.

இப்போது 'பொம்மைக் கப்பல்' என்ற எண்ணத்தைக் கொஞ்சம் சரிபாருங்கள். வுல்வரின் தளம் 550 அடி. புஷ் போருக்குப் போன சான் ஹசின்டோ வகைக் கப்பலின் தளமும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். போரின் பிற்பாதியில் டஜன் கணக்கில் கட்டித் தள்ளிய காசாபிளாங்கா வகைத் துணைக் கப்பல்களின் தளம் 480 அடிக்கும் உட்பட்டது. ஆக, ஏரியில் கிடைத்தது பல விமானிகள் பிறகு சந்தித்ததைவிடச் சுலபமான தளம் அல்ல. மெதுவாக ஓடும், தாழ்வான, குட்டையான தளம். அதில் இறங்கத் தெரிந்தவனுக்கு எசெக்ஸ் வகைப் பெரிய கப்பலின் தளம் மைதானம் மாதிரி தெரிந்திருக்கும்.

நடைமுறை இப்படி. கிளென்வியூவில் ஓடுபாதையின் ஒரு பகுதியைத் தளமாகப் பாவித்து முதலில் தரையிலேயே பழகுவார்கள். கோவாவில் நாங்களும் இதைத்தான் 'டம்மி டெக்' என்று செய்தோம். பிறகு கூட்டமாகக் கிளம்பி, கரையோரம் வில்மெட்டில் இருக்கும் வெள்ளை பஹாய் கோயிலை அடையாளம் வைத்துக்கொண்டு ஏரிக்குள் திரும்புவார்கள். கப்பலின் பின்முனையில் இடது ஓரமாக ஒரு ஆள் நிற்பார், லேண்டிங் சிக்னல் ஆபீசர். இரண்டு கையிலும் டேபிள் டென்னிஸ் பேட்டைப் பெரிதாக்கினது போல ஒரு ஜோடி. கை இரண்டும் தோளுக்கு நேராக இருந்தால் எல்லாம் சரி. தூக்கினால் நீ மேலே இருக்கிறாய், தாழ்த்தினால் கீழே இருக்கிறாய். கடைசியில் வலது பேட் கழுத்தைக் குறுக்கே வெட்டுவது போல வந்தால் 'எஞ்சினைக் குறை, இறங்கு'. தலைக்கு மேல் இரண்டையும் ஆட்டினால் 'வேண்டாம், சுற்றிவா'. இந்தக் கடைசி இரண்டும் உத்தரவு, மற்றவை தகவல். பிரிட்டிஷ் முறையில் இதே கையசைப்புக்கு நேர் எதிர் அர்த்தம் இருந்தது. கையைத் தூக்கினால் 'மேலே ஏறு'. பசிபிக்கில் இரண்டு நாடும் சேர்ந்து சண்டைபோட வேண்டிய கட்டத்தில் பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்க முறைக்கு மாறினார்கள்.

தகுதிக்கு எட்டு இறக்கம். அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். விக்ராந்தில் முதல்முறை இறங்கிய இளம் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். கொக்கி வயரைப் பிடிக்கும்போது வரும் அந்த இழுப்பில் தலை முன்னால் தொங்கி, ஹெல்மெட் ஆடி, விமானம் நின்றபிறகும் இரண்டு மூன்று நொடி எஞ்சினைக் குறைக்க மறந்து உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் கொக்கியின் நுனியில் விரலைத் தடவி, வயர் தேய்த்த சூடு ஆறாத இடத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். மேலேயிருந்து இறங்குபவருக்கு ஏணியில் கால் நிற்காது. இரண்டாவது முறை அதே ஆள் சாதாரணமாக இருப்பார். மூன்றாவது முறை எங்களோடு பேச்சுக் கொடுப்பார். எட்டு இறக்கத்தால் ஒருவன் நிபுணன் ஆகிவிடமாட்டான். 'என்னால் முடியும்' என்று அவன் உடம்புக்குத் தெரிந்துவிடும். அதைத் தரையில் எத்தனை டம்மி டெக் ஓட்டினாலும் கற்றுக்கொடுக்க முடியாது. அது ஏரியிலா கடலிலா என்பது கொக்கிக்கும் வயருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

ஏரி கற்றுக்கொடுக்காததும் நிறைய உண்டு, அதை மறைக்கக்கூடாது. பசிபிக்கின் நீண்ட அலையில் தளம் ஏறி இறங்குவது, 300 கிலோமீட்டர் தாண்டிப்போய் அடிவாங்கித் திரும்பும்போது, நகர்ந்துவிட்ட கப்பலைப் பெட்ரோல் தீருமுன் கண்டுபிடிப்பது, இருட்டில் இறங்குவது. 1944 ஜூன் 20 மாலை ஃபிலிப்பைன் கடலில் 200-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் தொலைதூரத் தாக்குதலுக்குப் போய் இரவில் திரும்பின. எதிரியிடம் இழந்தது 20 அளவில்தான். திரும்பி இறங்கும்போது தண்ணீரில் விழுந்தும் தளத்தில் மோதியும் போனது 80 வாக்கில். அந்த விமானந்தாங்கிகளுக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் மிட்ச்சர் நீர்மூழ்கி ஆபத்தையும் பார்க்காமல் எல்லாக் கப்பல்களிலும் விளக்கைப் போடச் சொன்னதால்தான் அந்த அளவோடு நின்றது. எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். அதே சண்டைக்கு முன் ஜப்பானியக் கப்பல்கள் பிலிப்பைன்ஸின் டாவி டாவி தீவருகே நங்கூரமிட்டு, வெளியே அமெரிக்க நீர்மூழ்கிகள் காத்திருந்ததால் பயிற்சிக்குக்கூடக் கடலுக்குப் போகமுடியாமல் கிடந்தன. அரைகுறையாகப் பழகிய அவர்களுடைய விமானிகள் முந்தின நாளான ஜூன் 19-ல் நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். மிச்சிகன் ஏரியின் மதிப்பை எனக்குப் புரியவைத்தது இந்த ஒப்பீடுதான்.

இனி எண்கள். இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப அச்சாகும் கணக்கு: 17,820 விமானிகள், 1,16,000 இறக்கங்கள். நானும் பல காலம் அப்படியே ஒப்பித்திருக்கிறேன். ஒருநாள் சும்மா வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஆறரைதான் வருகிறது, எட்டு வரவில்லை! ஒன்று, எட்டு என்ற விதி போர் முழுக்க ஒரே மாதிரி இருந்திருக்காது. அல்லது, வந்துபோன எல்லோரையும் தகுதி பெற்றவர் கணக்கில் சேர்த்திருப்பார்கள். வேறு சில இடங்களில் விமானிகள் 15,000 என்று வரும், அதை எட்டால் பெருக்கினால் 1,20,000, கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆகவே இறக்கங்களின் எண்ணிக்கையை நம்புகிறேன், விமானிகளின் எண்ணிக்கையை '15,000-க்கு மேல்' என்று மட்டும் சொல்வேன். ஏரியில் மூழ்கிய விமானங்களையும் 120-லிருந்து 300 வரை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். 120-ஐ ஒட்டிய கணக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 300 என்பது சின்னச் சின்ன விபத்துகளையும் மூழ்கியவற்றோடு கலந்துவிட்டதால் வந்ததாக இருக்கலாம், இது என் ஊகம். உயிரிழந்த விமானிகள் எட்டுப்பேர் என்பது பரவலாக ஒத்துப்போகிறது. ஆயிரம் இறக்கத்துக்கு ஒரு விமானம் தண்ணீருக்குள். போர்க்காலத்துப் பயிற்சிக்கு, அதுவும் அடிபட்டு ஓய்ந்த விமானங்களை வைத்துக்கொண்டு, இது மோசமான கணக்கு அல்ல.

அந்த 'ஓய்ந்த விமானங்கள்' என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். புது விமானம் போர்முனைக்குப் போகும், அங்கிருந்து தேய்ந்து திரும்பியது பயிற்சிக்கு வரும். அப்படி கிளென்வியூவுக்கு வந்த ஒன்றுதான் 2106 என்ற எண் போட்ட எஸ்பிடி டான்ட்லெஸ், செங்குத்தாகப் பாய்ந்து குண்டுபோடும் விமானம். 1942 ஜூன் 4-ல் மிட்வே தீவிலிருந்து கிளம்பி, ஜப்பானிய ஹிர்யூ கப்பல்மேல் பாய்ந்த மரீன் படைப்பிரிவின் 16 டான்ட்லெஸ்களில் அதுவும் ஒன்று. திரும்பியது பாதிதான். 2106-ஐ ஓட்டிய டேனியல் ஐவர்சனின் தொண்டை மைக்கின் வயரை ஒரு குண்டு அறுத்துக்கொண்டு போனது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒற்றைச் சக்கரத்தில் தீவில் இறக்கினார். உடம்பில் 200-க்கு மேல் ஓட்டை. அதை ஒட்டுப்போட்டுத்தான் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். மிட்வேயில் தப்பியது, 1943 ஜூன் 11-ல் சேபிளில் இறங்க வந்தபோது ஏரியில் விழுந்தது. விமானி தப்பினார். விமானம் 50 வருடம் அடியில் கிடந்தது. 1990-களின் முற்பாதியில் தூக்கியபோது அலுமினியத் தகட்டில் மிட்வேயில் போட்ட ஒட்டுகளே தெரிந்தன. உப்பில்லாத, ஆழத்தில் எப்போதும் குளிர்ந்த தண்ணீர். எங்கள் விமானங்களைத் தினமும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியும் உப்பரிப்போடு மல்லுக்கட்டிய எனக்கு அந்தப் புகைப்படத்தைப் பார்த்ததும் பொறாமைதான் வந்தது. இன்று அது பென்சகோலாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே அருங்காட்சியகத்தில் நிற்கும் விண்டிகேட்டர் என்ற குண்டுவீச்சு விமானமும் ஏரியிலிருந்து வந்ததுதான். உலகத்திலேயே அந்த வகையில் மிஞ்சியது அது ஒன்றே. போரில் பறந்த அதன் கூடப்பிறந்தவை எல்லாம் பழைய இரும்பாகப் போய்விட்டன.

கப்பல்களும் அப்படித்தான் போயின. இரண்டுமே 1945 நவம்பர் 7-ல் பணியிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் உடைக்கப்பட்டன. கிளென்வியூ தளம் 1995-ல் மூடப்பட்டது. மேலே கொண்டுவந்த விமானங்கள் 40-க்கு மேல். மிச்சம் இன்னும் கீழே. அவை இப்போதும் அமெரிக்கக் கடற்படையின் சொத்து, அனுமதியில்லாமல் தொடக்கூடாது. சில பத்தாண்டுகளாக ஏரியில் பெருகிவிட்ட குவாகா என்ற சின்னச் சிப்பி அந்த உலோகத்தின்மேல் அடை அடையாக அப்பிக்கொண்டிருக்கிறது. குளிர்நீர் காப்பாற்றியதை அது அரித்துவிடும் என்ற கவலை அங்கே இருக்கிறது.

நேரில் பார்க்க ஆசை என்றால் பென்சகோலா வரை போகவேண்டாம். சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தின் 2-ஆம் டெர்மினலில் ஒரு வைல்ட்கேட் நிற்கிறது, அதுவும் ஏரிக்கு அடியிலிருந்து வந்ததே. விமான நிலையத்துக்குப் பெயர் தந்த எட்வர்ட் ஓஹேரின் விமானம் போலப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அவர் ஓட்டியது அதுவல்ல. பின்பக்கம் போய் வாலுக்குக் கீழே குனிந்து பாருங்கள், கொக்கி எந்த இடத்திலிருந்து வெளியே வரும் என்பது தெரியும்.